கூட வந்தவர் விழுந்துவிட்டால்

கிராமச் சாலையில் பைக் விழுவதற்கு எதிரே இன்னொரு வண்டி வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அறுப்புக் காலத்தில் கொள்ளையும் உளுந்தையும் தார்ச்சாலையிலேயே பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அந்த மணிகள் டயருக்கும் சாலைக்கும் நடுவே உருளும் நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. டிப்பரிலிருந்து திருப்பத்தில் சிந்திய எம்-சாண்ட், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை, பின்னால் சிவப்பு விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், வேலியிலிருந்து திடீரென்று சாலைக்குக் குறுக்கே பறக்கும் மயில், ஓரத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு என்று எல்லாம் அங்கே உண்டு. நகரத்து நெரிசலில் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு இவை உடனே பிடிபடாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். மொத்த மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊரகப் பகுதிகளில் நடந்தவை. இதற்கு வேகம் ஒரு காரணம் என்றால், உதவி வந்து சேரும் தூரம் இன்னொரு காரணம். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அது வரும்வரை ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதை நிரப்ப அங்கே இருப்பவர்கள் கூட வந்த நண்பர்களும், பக்கத்து வயலிலிருந்து ஓடிவரும் மனிதர்களும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏலகிரிக்கோ, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கோ நாலைந்து வண்டிகளாகக் கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவர்களில் பலர் சங்கிலிக்கு எண்ணெய் விடவும் பஞ்சர் ஒட்டவும் கற்றிருக்கிறார்கள். விழுந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அந்த அளவுக்குக் கற்கவில்லை. முதல் சில நிமிடங்களில் கூட்டாளிகளால் ஆகக்கூடிய பெரிய உதவி, விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்காமல் இருப்பதும் மற்றவர்களைத் தூக்கவிடாமல் இருப்பதும்தான். கேட்கச் சுலபமாக இருக்கும். நண்பன் சாலையில் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் ஆளுக்கொரு வேலையை முன்பே பிரித்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சாலை, பிறகு ஆள்

பின்னால் வருகிறவர் விழுந்தவரை நோக்கி ஓடுவதற்கு முன் தன் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, இண்டிகேட்டரை எரியவிட வேண்டும். திருப்பத்தில் விபத்து என்றால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் நடந்து போய், வரும் வண்டிகளுக்குத் திருப்பத்துக்கு முன்பே தெரிகிற மாதிரி நின்று கை காட்ட வேண்டும். இதைச் செய்யாததால், விழுந்தவரைச் சுற்றி நின்ற கும்பல் மீதே அடுத்த வண்டி ஏறிய சம்பவங்கள் உண்டு. விழுந்து கிடக்கும் வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். பெட்ரோல் கசிந்திருக்கலாம் என்பதால் பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் ஊர்க்காரர்கள் கூடிவிடுவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். ஒருவர் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்ப்பார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். ஒருவர் சோடா வாங்க ஆளனுப்பியிருப்பார். இவர்களிடம் கத்தினால் பகைதான் மிஞ்சும். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுப்பதே சரி. “அண்ணே, கழுத்தெலும்புல அடி பட்டிருந்தா, தூக்குனா கைகால் விளங்காமப் போயிரும். 108 வந்துட்டிருக்கு. நீங்க அந்தத் திருப்பத்துல நின்னு வண்டிய மெதுவா வரச் சொல்லுங்கண்ணே” என்று சொன்னால் கேட்பார்கள். ஊர்ப் பெயரும் வழியும் தெரிந்த ஒருவரை உங்கள் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 108-க்கு இடம் சொல்ல அவர்தான் உதவுவார்.

சோடாவும் தண்ணீரும் ஏன் கூடாது? அரை மயக்கத்தில் இருப்பவர் குடித்தது நுரையீரலுக்குள் போய்விடலாம். அவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், வயிற்றில் இருப்பது மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தியாக வந்து மூச்சை அடைக்கலாம். நா வறண்டு கேட்டால் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள். அது போதும்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

நண்பர்கள் அதிகம் தடுமாறுகிற கேள்வி இதுதான். விழுந்தவர் பேசுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஹெல்மெட்டைத் தொட வேண்டாம். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டின் இரு பக்கமும் கையை வைத்துத் தலை திரும்பாமல் பிடித்துக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை அவர் கையை எடுக்கக் கூடாது. அவரே பேச்சும் கொடுக்கலாம். தெரிந்த குரல் பக்கத்தில் கேட்டால் விழுந்தவரின் பதற்றம் அடங்கும்.

மூச்சில்லை, மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை, வாயில் வாந்தியோ ரத்தமோ நிறைந்து கொரகொரவென்று சத்தம் வருகிறது என்றால் கழற்றியே ஆக வேண்டும். மூச்சு நின்ற பிறகு கழுத்தெலும்பைக் காப்பாற்றி என்ன பயன்? ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் ஹெல்மெட்டை அசையாமல் பிடிக்க, பக்கத்தில் இருப்பவர் தாடைப் பட்டையை அவிழ்க்கிறார்; அவிழவில்லை என்றால் வெட்டிவிடுகிறார். மூக்குக்கண்ணாடி இருந்தால் முதலில் அதை எடுக்கிறார். பிறகு ஒரு கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் தாடையைப் பிடித்துத் தலையின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறார். இப்போது தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் வெளிப்புறமாக விரித்து, மூக்கில் இடிக்காதபடி லேசாகப் பின்னுக்குச் சாய்த்து மெல்ல உருவுகிறார். கழன்றதும் தலை பொத்தென்று பின்னால் விழுந்துவிடாமல் தாங்குகிற கைதான் இதில் முக்கியம். ஒரு மாலை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது நண்பர் ஒருவரைப் படுக்கவைத்து இதைச் செய்து பாருங்கள். ஒருமுறை செய்து பார்த்தவரின் கை சாலையில் நடுங்காது.

மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவே இரு கையையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். சீக்கிரம் கை ஓய்ந்துவிடும் வேலை இது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மூச்சிருந்து நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒருக்களித்துத் திருப்புங்கள். தலையை மட்டும் திருப்பக் கூடாது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உறையத் தொடங்கியது அப்போது பிய்ந்துபோகும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கையுறை இல்லாவிட்டால் பாலித்தீன் கவரையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். கோணிய காலை நேராக்காதீர்கள். தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தசைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். முகம் வெளிறி, வியர்த்து, நாடி வேகமாக ஓடுகிறது என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நிலைமை சின்னதல்ல.

108-க்கு இடம் சொல்வது

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரிலிருந்து கட்டணமின்றி ஓடுகிறது. அழைப்பில் தடுமாறுவது பெரும்பாலும் இடம் சொல்லும்போதுதான். “அந்த ஆலமரத்துக்கிட்ட” என்பது உங்களுக்குப் புரியும், கால் சென்டரில் இருப்பவருக்குப் புரியாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. கல்லின் நிறம், அதில் எழுதியிருக்கும் ஊர், தூரம், கடைசியாகத் தாண்டிய பேருந்து நிறுத்தம், வட்டம், மாவட்டம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி என்று கேட்பார்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். அடுத்து உங்கள் எண்ணுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அழைப்பார், அதனால் அந்த போனில் வேறு யாருடனும் பேச வேண்டாம். மலைப்பாதையில் உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அந்த அழைப்பு போக வாய்ப்புண்டு.

ஆம்புலன்ஸ் வர மிகவும் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் வரும் டாடா ஏஸ் போன்ற வண்டியில், கயிற்றுக் கட்டிலிலோ பலகையிலோ நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். பைக்கில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு போவது நம் ஊரில் சகஜம். அன்பால் செய்வதுதான். ஆனால் முதுகெலும்பில் அடிபட்டவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

எந்த மருத்துவமனை என்பதைப் பெரும்பாலும் 108 ஊழியர்களிடம் விட்டுவிடலாம். விபத்து சிகிச்சைக்கென்று மாநில அரசின் ‘தாய்’ திட்டத்தில் அமைத்த மையங்கள் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். தலையில் அடிபட்டவரை ஸ்கேனே இல்லாத பக்கத்து ஊர் கிளினிக்கில் இறக்கி, பிறகு இன்னோர் இடத்துக்கு மாற்றினால் நேரம்தான் வீணாகும். பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், வேறு மாநிலத்தவரே ஆனாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். முதலில் 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்ந்தது. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாள்வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. வரவேற்பு மேசையில் இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

போலீஸ், கேஸ் என்ற பயம் இன்னும் பலரை விலகி நிற்கவைக்கிறது. அந்தப் பயத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதலில் சிகிச்சை, சம்பிரதாயங்கள் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்கு 2016-ல் அதே நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது. உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி கேட்டு வற்புறுத்த முடியாது. மருத்துவமனை அவரை நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ முடியாது. சாட்சி சொல்ல அவரே முன்வந்தால் அவருக்கு வசதியான நேரத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் குழுவில் ஒருவருடைய வண்டி இடித்துத்தான் விபத்து என்றால் அவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் அங்கேயே இருந்து சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதும் காவல்துறைக்குச் சொல்வதும் சட்டக் கடமை. நண்பர்கள் அவரைத் தப்ப வைப்பது நட்பு ஆகாது.

எழுந்து நின்றுவிட்டவர்

எனக்கு அதிகம் கவலை தருகிறவர் இவர்தான். விழுந்தவுடன் எழுந்து, பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்ல மச்சான், கிளம்பலாம்” என்பார். உடம்பில் பாயும் அட்ரினலின் வலியை மறைக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்தால், ஆள் சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சட்டென்று மயங்கலாம். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால் மண்ணீரல் காயம் அன்றைக்கே தெரியாமலும் போகலாம்.

அவரை மறுபடி வண்டியில் ஏற்றாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எங்கே சாப்பிட்டோம், எந்த ஊர் வழியாக வந்தோம் என்று கேளுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், தலைவலி கூடிக்கொண்டே போகிறது, வாந்தி, அசாதாரணத் தூக்கம், ஒரு பக்கக் கை தளர்கிறது, ஒரு கண்ணின் பாவை பெரிதாகத் தெரிகிறது, தோள்பட்டை வரை பரவும் வயிற்றுவலி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதுவுமே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அன்றிரவு ஒருவர் அவரோடு தங்குவது நல்லது. அறைக்குத் தனியாக அனுப்பிவைக்கக் கூடாது.

அடிபட்ட ஹெல்மெட்டையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது மருத்துவருக்கு ஒரு தடயம். அதை மறுபடி யாரும் போடக் கூடாது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை வாங்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

வீட்டுக்கு யார் சொல்வது? பலர் சேர்ந்து சொன்னால் குழப்பம்தான். குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் மட்டும் பேசட்டும். “சின்ன அடிதாம்மா, பயப்படாதீங்க” என்று பொய் சொல்லி வரவழைத்தால், ஐ.சி.யூ. வாசலில் அந்தத் தாய்க்கு அது இரண்டாவது இடி. எந்த மருத்துவமனை, நினைவு இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று உள்ளதை நிதானமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப் குழுக்களில் படமோ வீடியோவோ போகாமல் தடுப்பதும் நண்பர்களின் பொறுப்பு. மனைவியோ அப்பாவோ அந்தப் படத்தின் மூலமாகச் செய்தியை அறியக் கூடாது.

காகித வேலைக்கு ஒருவரை ஒதுக்குங்கள். சாலையில் கிடந்த பொருள், டயர் தடம், வண்டி கிடந்த இடம் எல்லாவற்றையும் வண்டியை நகர்த்துவதற்கு முன் படமெடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். நகல், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் ஆகிய மூன்றும் பின்னால் தேவைப்படும். கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஆனால் அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மருத்துவமனைப் பில்லுக்கு அல்ல. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரே, செல்லுபடியாகும் உரிமத்தோடு ஓட்டியிருக்க வேண்டும். இரவல் வண்டியில் ரைடு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. எதிர்வண்டியின் தவறு என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கச் சட்டம் சொல்லும் காலம் ஆறு மாதம். குடும்பம் துயரத்தில் இருக்கும்போது இந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க ஒரு நண்பர் வேண்டும்.

முதல் வாரம் ஆஸ்பத்திரி வாசலில் இருபது பைக் நிற்கும். மூன்றாவது மாதம் எத்தனை நிற்கும்? தொடை எலும்பு கூடி, நடை திரும்பப் பல மாதங்கள் ஆகும். பிசியோதெரபிக்கு வாரத்தில் சில நாள் கூட்டிப்போக ஆள் தேவை. விழுந்தவர் உணவு டெலிவரி செய்கிறவராகவோ தினக்கூலியாகவோ இருந்தால் அந்த மாதங்களில் வருமானமே இல்லை. குழுவினர் மாதம் ஒரு தொகை போட்டுக் கொடுப்பதானால், அதை யார் கையில், எந்தத் தேதியில் என்று வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உபகாரம் செய்கிறோம் என்று காட்டாமல் கொடுங்கள். மறுபடி வண்டி ஓட்டுவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். “பயந்துட்டியா” என்ற கேலி வேண்டாம், “இனி தொடவே கூடாது” என்ற ஆணையும் வேண்டாம். பின்னால் உட்கார்ந்து வர ஆசைப்பட்டால் மெதுவாக ஓட்டிக் கூட்டிப்போங்கள். அன்றைக்கு முன்னால் வழிகாட்டிப் போனவரையும் கொஞ்சம் கவனியுங்கள். “நான் இன்னும் மெதுவாகப் போயிருந்தால்” என்று அவர் இரவெல்லாம் தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். வெளியே சொல்ல மாட்டார்.

விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வருவதும் சரியல்ல. நாளை அதே மணலில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் சறுக்குவான். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் ‘நம்ம சாலை’ செயலியில் பள்ளத்தைப் படத்தோடு தெரிவிக்கலாம். ஊராட்சிச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். இரண்டுக்கும் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். சாலையில் தானியம் காயவைக்கும் விவசாயியைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஊரில் களம் இல்லாததால்தான் அவர் சாலைக்கு வருகிறார். அந்த ஊராட்சிக்கு ஓர் உலர்களம் கட்டித் தரச் சொல்லி, விபத்துப் படத்தையும் இணைத்து, ஊர்க்காரர்களும் ரைடர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு மனு போகட்டும்.